நடுவில் மட்டும் தேய்ந்த பெல்ட்

கத்தி செய்கிற பெல்ட் கிரைண்டரில், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான எமரி பெல்ட் ஒன்று வளையமாக ஓடிக்கொண்டிருக்கும். நாம் கத்தியை அழுத்துகிற இடத்தில், அந்த பெல்ட்டுக்குப் பின்னால், ரப்பர் போர்த்திய ஒரு சக்கரம் இருக்கும். காண்டாக்ட் வீல் என்பார்கள். அந்தச் சக்கரம் சரியாக அமைந்துவிட்டால் என் கையில் இருக்கிற குறை கத்தியில் தெரியாது என்று நான் நம்பினேன். கை சரியாகிவிடும் என்று நம்பவில்லை. அந்த அளவுக்கு ஆசைப்படவில்லை.

நான் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவன். கரியை மேலே ஏற்றிக்கொண்டு வருகிற கன்வேயர் பெல்ட் கிழிந்தால் ஒட்டுகிற வேலை. ஒட்டுவதற்கு முன்னால் ரப்பரைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். அதற்கு ஒரு மெஷின் உண்டு, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அது ஓடும்போது பல்லெல்லாம் ஆடும். வேலை முடிந்து டீ கிளாஸை எடுத்தால் கிளாஸும் ஆடும். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் ஆடியது, அதனால் யாரும் அதை ஒரு வியாதியாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டால் நின்றுவிடும். அப்புறம் ஒரு மார்கழியில் எனக்கு நிற்கவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்து, கிள்ளினாலும் தெரியாமல் போனது.

டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "நரம்பு செத்துக்கினு வருது பாய். இருக்கறதைக் காப்பாத்திக்குங்க. போனது வராது" என்றார். இனிமேல் அதிர்கிற சாமான் எதையும் கையால் தொடக்கூடாது என்றும் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் அதிராத சாமானாக எங்கள் வேலையில் எது இருக்கிறது? கொஞ்ச நாளில் கான்ட்ராக்டர் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்.

பள்ளிவாசலில்கூட இதனால் ஒரு பேச்சு வந்தது. தொழுகையில் உட்கார்ந்து ஓதும்போது ஒரு இடத்தில் ஆட்காட்டி விரலை நீட்ட வேண்டும். எங்கள் ஜமாஅத்தில் நீட்டினால் நீட்டியபடி அசையாமல் வைப்போம். விரலை அசைத்துக்கொண்டே இருக்கிறவர்கள் வேறு ஒரு பிரிவு. அதை வைத்து ஊருக்கு ஊர் சண்டை நடந்திருக்கிறது. என் விரல் தானாக ஆடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் தொழுதவர் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டார். "எப்ப பாய் அந்தப் பக்கம் போனீங்க? சொல்லவே இல்லையே." நான் சிரித்துவிட்டு, "நான் போகலை பாய், வெரல் மட்டும் போயிருக்கு" என்றேன். அவரும் சிரித்தார். பிறகு கையைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கத்தி வேலை எனக்கு மார்க்கத்தின் வழியாகத்தான் வந்தது. அறுக்கப் போகிற பிராணிக்கு இம்சை கொடுக்கக் கூடாது, கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்ரீதுக்கு முன்னால், இரும்பு அறுக்கிற பெரிய ரம்பத் தகடு தேய்ந்தது ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஒரு கத்தி செய்தேன். எங்கள் வீட்டுக் குர்பானி ஆட்டை அறுக்க வந்தவர் டவுன்ஷிப் மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருப்பவர். அறுத்து முடித்துக் கழுவித் துடைத்துவிட்டு, "ஆட்டுக்கே தெரியலை பாய்" என்றார். அதைவிட ஒரு பாராட்டு எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் தனக்கும் ஒரு கத்தி கேட்டார். அவர் சொல்லி இன்னும் சிலர் கேட்டார்கள். சுரங்க வேலை போன பிறகு அதுவே வேலையானது.

ஆனால் அரம் பிடிக்கவும் கைதானே வேண்டும். மோட்டாரில் ஓடுகிற சாணைக் கல்லில் வைத்தால் கல் சுள்ளென்று கடிக்கும். கை ஒரு நொடி தடுமாறினால் அந்த இடம் நீலமாகக் கருகிவிடும். கருகின இடத்தில் கூர் நிற்காது. தகடு தகடாக வீணானது.

என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பெர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, அதுதான் என் பட்டறை. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே வந்தவன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மச்சான், இதப் பாருங்க. நம்ம கன்வேயரைக் குட்டியாக்கி செங்குத்தா நிக்க வச்சா மாதிரி இருக்கு."

வீடியோவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஓடுகிற பெல்ட்டில் கத்தியை வைத்து இழுத்தார். பின்னால் ரப்பர்ச் சக்கரம். கத்தி அந்த வளைவில் போய்க் குழந்தை மடியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டது. கை அதைப் பிடித்திருக்கிறதே தவிர, நிற்க வைத்ததெல்லாம் சக்கரம்தான். எனக்கு அப்படித்தான் பட்டது. பல தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். அன்றைக்குத் தொழுகையிலும் அந்தச் சக்கரம் கண்ணுக்குள் சுற்றியது, அல்லாஹ் மன்னிப்பானாக.

மோட்டாரும் சட்டமும், பெல்ட் சுற்றிவர மேலே ஒரு சின்னச் சக்கரமும் சேர்த்து மெஷினைக் கட்டிவிட்டோம். காண்டாக்ட் வீல்தான் பாக்கி. அது எப்படி இருக்க வேண்டும் என்று ரொம்ப நாள் பேசினோம். சின்னச் சக்கரம் என்றால் கத்தியில் பள்ளம் ஆழமாக விழும், ஓரம் மெலிந்து உடையும். கறிக்கடைக் கத்திக்குப் பெரிய சக்கரம்தான் சரி. ரப்பர் கெட்டியாக இருந்தால் இரும்பை வேகமாகத் தின்னும், ஆனால் அதிர்வு கைக்கு வரும். மெத்தென்று இருந்தால் கைக்குச் சுகம், ஆனால் கத்தியின் ஓரத்தை மழுங்க உருட்டிவிடும். மேலே வரிவரியாக வெட்டுப் போட்ட ரப்பர் ஒன்று இருக்கிறது, அது இன்னும் வேகம். ஆனால் ஒவ்வொரு வரியும் தட்டும். என் கைக்கு அந்தத் தட்டு ஆகாது. கடைசியில் வெட்டு இல்லாத வழவழப்பு, ரொம்பக் கெட்டியும் இல்லை, ரொம்ப மெதுவும் இல்லை, நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து உடனே மறைகிற பதம் என்று முடிவு செய்தோம். ஒட்டுகிற ரப்பரை அப்படித்தான் நாங்கள் பார்ப்போம். என் நகத்துக்குத் தெரியாததால் அவன் அழுத்திச் சொன்னான்.

குறிஞ்சிப்பாடி பக்கம் ஒருவர் அரிசி மில் ரோலருக்கு ரப்பர் ஏற்றித் தருகிறார். கூடவே லேத்தும் வைத்திருக்கிறார். அலுமினியச் சக்கரத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வண்டியில் போனோம்.

"எந்த மில்லுக்குங்க இது?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மில்லுக்கு இல்லைங்க. கத்தி தேய்க்க."

"கத்திக்கு ரப்பரா? நெல்லுக்கு ஏத்துவேன், கரும்பு மெஷினுக்கு ஏத்துவேன். கத்திக்கு ரப்பர் கேட்டுகினு வந்தது நீங்கதான் மொத ஆளு." ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "சரி, ரப்பர் ஏத்திட்டு மேல மட்டமா கடைஞ்சு வுட்டுடட்டுமா?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். "மட்டமா வேணாம், கிரவுன் வைங்க."

கிரவுன் என்றால் சக்கரத்தின் நடுவை ஓரத்தைவிடக் கொஞ்சம் மேடாக விடுவது. நடு மேடாக இருந்தால் ஓடுகிற பெல்ட் ஓரத்துக்கு நழுவாமல் நடுவுக்கே வந்து நிற்கும். சுரங்கத்தில் பெல்ட் ஒரு பக்கம் ஏறிவிட்டால் உரசும், கிழியும், லைனே நிற்கும், பெரியவர் சின்னவர் எல்லோர் வாயிலும் விழ வேண்டும். அதனால் எங்களுக்குப் பெல்ட் ஓடுகிற எதைப் பார்த்தாலும் முதலில் வருகிற பயம் அதுதான்.

"மேல ஓடற சின்ன வீலுக்கு ஏற்கனவே மேடு வச்சிருக்கீங்களே" என்றார் அவர், நாங்கள் காட்டின மெஷின் போட்டோவைப் பார்த்து.

"ரெண்டுக்கும் இருக்கட்டுங்க. பெல்ட்டை நம்ப முடியாது" என்றான் மச்சினன்.

"ஒங்க பெல்ட்டு, ஒங்க பாடு" என்று அவர் எடுத்து வைத்துக்கொண்டார்.

சக்கரம் வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி சுவிட்சைப் போட்டேன். பெல்ட் தண்டவாளத்தில் போகிற மாதிரி நடுவிலேயே ஓடியது. மச்சினனுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் ஒரு தகட்டை எடுத்து இழுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நெடுக அலை அலையாக இருந்தது.

கை பழகவில்லை என்று நினைத்தேன். மறுநாளும் அலை. அழுத்தி இழுத்தால் பெரிய அலை, லேசாக இழுத்தால் சின்ன அலை. கொட்டகையின் மூலையில் தகடுகள் சேர்ந்துகொண்டே போயின. மனைவி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "கொளத்துல காத்தடிச்சா மாதிரி இருக்குங்க" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது, இது கைதான் என்று. சஜ்தாவில் நெற்றியை வைத்து நான் கேட்டது ஒன்றுதான். பக்ரீது வரைக்கும் மட்டும் நிற்கட்டும் இந்தக் கை என்று. கறிக்கடைக்காரருக்கு அறுக்கிற கத்தி ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். அது செய்ய முடிந்தால் மேலேயும் செய்யலாம். முடியாவிட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது.

தேய்ந்த எமரி பெல்ட்டுகளைக் கழற்றிக் குப்பையில் போடுவேன். ஒரு நாள் காலையில் மனைவி அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ரெண்டு ஓரமும் புதுசாத்தானே இருக்கு? நடுவுல மட்டும்தான் தேஞ்சிருக்கு. அதுக்குள்ள தூக்கிப் போடறீங்க. எங்கிட்ட குடுத்தா சட்டி தேய்ப்பேன்ல."

அந்த நேரம் மச்சினனும் இருந்தான், டீ குடித்துக்கொண்டு. பெல்ட்டை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தான். டீயைக் கீழே வைத்தான். எழுந்து போய் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துச் சக்கரத்தின் மேல் குறுக்கே வைத்தான். நடுவில் தொட்டது. இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிந்தது.

"மச்சான்" என்றான். "கத்தி முழுசா சக்கரத்துல ஒக்காரவே இல்லை. அந்த மேட்டு மேல ஒத்தைக் கால்ல நிக்குது. யாரு பிடிச்சாலும் ஆடத்தான் செய்யும்."

நான் குனிந்து ஸ்கேலுக்கு அடியில் பார்த்தேன்.

"ஒங்க கை இல்லை மச்சான் இது. நம்ம கிரவுன். கன்வேயர்க்காரன் புத்தி." அவன் தலையில் அவனே தட்டிக்கொண்டான். "நல்லவேளை, ஷிஃப்ட்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா ரிட்டயர் ஆகற வரைக்கும் சொல்லிக் காட்டுவானுங்க."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான். அவள் அந்தப் பெல்ட்டைச் சட்டி தேய்க்க எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, நன்றிக்காக இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதேன். கையைத் தூக்கித் துஆ செய்யும்போது அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து எனக்குக் கஷ்டமாக இல்லை. ஆடிவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. என்னோடு எத்தனையோ நாள் உழைத்த கை, அதன் மேல் பழி போட்டுவிட்டோமே என்றுதான் இருந்தது.

திரும்பவும் குறிஞ்சிப்பாடிக்குப் போனோம். ரப்பர்க்காரர் சக்கரத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டார்.

"நான் அன்னைக்கே மட்டமா வுடட்டுமான்னு கேட்டேனா இல்லியா? ரெண்டு பேரும் கோரஸ் பாடுனீங்க."

"தப்புத்தாங்க" என்றான் மச்சினன்.

"சொரங்கத்து ஆளுங்ககிட்ட நாம என்னாத்த பேசறது?" என்று சொல்லிக்கொண்டே லேத்தில் மாட்டினார். மேடு கறுப்புத் தூளாக உதிர்ந்தது. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்கேலை வைத்துக் காட்டினார். எங்கேயும் வெளிச்சம் இல்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்து சக்கரத்தை மாட்டினோம். பெல்ட் ஓரத்துக்கு ஓடிவிடும் என்று பயந்தோம், ஓடவில்லை. மேலே இருந்த சின்னச் சக்கரமே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. எனக்குத் தரப் பயந்தானோ என்னவோ, மச்சினன் முதலில் ஒரு வீணான தகட்டை எடுத்தான்.

"நான் ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கறேன் மச்சான். சக்கரத்தை டெஸ்ட் பண்ண."

அவன் அதுவரை ஒரு கத்தியும் தேய்த்தவன் இல்லை. எப்படிப் பிடிப்பது என்று நான்தான் சொன்னேன். இழுத்தான். வெளிச்சத்தில் சாய்த்தோம். அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே பட்டை. வகிடு எடுத்த மாதிரி நேர்க்கோடு. "சுபுஹானல்லாஹ்" என்றேன்.

அடுத்தது நான் பிடித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். சாய்த்துப் பார்த்தேன்.

அலை முன்னைவிடச் சின்னதாக இருந்தது. ஆனால் இருந்தது. திரும்ப இழுத்தேன். முழங்கையை இடுப்போடு சேர்த்து வைத்துக்கொண்டு இழுத்தேன். கையைத் துணியால் கட்டிக்கொண்டு இழுத்தேன். அவன் இழுத்த தகடு பக்கத்தில் நேராகக் கிடந்தது.

மச்சினன் மெஷினை நிறுத்தினான். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பெல்ட் ஜாயின்ட்டா இருக்கும் மச்சான். ஒட்டுன எடம் ஒவ்வொரு சுத்துக்கும் தட்டுது போல" என்றான்.

ஆயுசில் பாதியை நான் பெல்ட் ஜாயின்ட்டில் கழித்தவன். ஒட்டின இடம் தட்டினால் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். அது தட்டவில்லை. அவனுக்கும் தெரியும். அவனும் கன்வேயர்க்காரன்தானே.

"ஆமா மாப்ள, ஜாயின்ட்டா இருக்கும்" என்றேன்.

முன்பு அலை விழுந்தபோது சக்கரமாக இருக்கலாம், கையாக இருக்கலாம். இப்போது அந்தச் சந்தேகத்தைக் கடைந்து எடுத்தாகிவிட்டது. சந்தேகம் இருந்த நாட்களே மேல் என்று தோன்றியது. அப்படி நினைப்பது நாஷுக்ர், அதாவது நன்றி கெட்டதனம் ஆகுமா என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

மச்சினன் வேறு ஒரு யோசனை சொன்னான். "நான் லீவு நாள்ல வந்து இழுத்துத் தர்றேன் மச்சான். நீங்க மத்த வேலையப் பாருங்க." ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் கண் எப்படிச் சொருகும் என்று எனக்குத் தெரியாதா? அதுவும் இல்லாமல், அவனுக்குக் கை ஆடாமல் இருப்பது ரப்பர் சுரண்டுகிற மாதிரி மெஷினை அவன் தொடாததால். இதைப் பிடித்து அதுவும் போக வேண்டாம் என்று மனதுக்குள் நினைத்தேன். "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

பக்ரீது நெருங்கியது. செய்ததில் நல்லதாக ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு டவுன்ஷிப் மார்க்கெட்டுக்குப் போனேன். கறிக்கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க பாய். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவா வர்றீங்க. கத்தி எங்க?"

"வேற எடத்துல வாங்கிக்குங்கன்னு சொல்ல வந்தேன்."

"ஏன், எனக்கு மட்டும் இல்லியா? நான் என்ன ஆளையா குத்தப் போறேன்? ஆடுதான் பாய்."

துணியைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் பேசிக்கொண்டே வாங்கினார். நகத்தை ஓரத்தில் வைத்து அடியிலிருந்து நுனி வரை ஓட்டினார். நகம் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. அவர் என் கையைப் பார்க்கவில்லை, கத்தியையே பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எலும்பு வெட்ட வச்சுக்கறேன்" என்றார்.

"எலும்புக்கு இது தாங்காது. ஒங்களுக்குத் தெரியும்."

"வச்சுக்கறேன் பாய். இருக்கட்டும்."

அந்த மனுஷர் எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. பெருநாள் நெரிசலில் அவரோ, கடையில் இருப்பவர்களோ யோசிக்காமல் இதை எடுத்துவிட்டால்? ஒரே இழுப்பில் போக வேண்டியது இழுத்து இழுத்துப் போகும். அந்த வாயில்லா ஜீவனுக்கு என் கை நரம்பைப் பற்றி என்ன தெரியும்? "இது வேணாம் பாய்" என்று கேட்டு வாங்கித் திரும்பவும் துணியில் சுற்றிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. கிளம்பும்போது என் தோளில் கை வைத்தார். கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்று போனதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தேன்.

பெருநாள் முடிந்து மறுநாள் கொட்டகையைப் பெருக்கினேன். சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாளைக்கு ஓடப் போகிற பெல்ட்டை இறுக்கின இழுவையோடு அப்படியே விட்டுவிடுவோம். ஒரு லைனை ரொம்ப நாளைக்கு நிறுத்தி வைக்கப் போகிறோம் என்றால் மட்டும் இழுவையை இறக்கிப் பெல்ட்டைத் தளர்த்துவோம். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே ரப்பர் அமுங்கிப் போய்விடும்.

அன்று சாயங்காலம் மச்சினன் வந்தான். எப்போதும் போல மெஷின் பக்கம் போய் விரலால் பெல்ட்டைத் தட்டினான். அது தொளதொளவென்று ஆடியது. கொஞ்ச நேரம் அதன் மேலேயே விரலை வைத்திருந்தான்.

"இறக்கிட்டீங்களா மச்சான்?"

"சக்கரம் நல்ல சக்கரம். அமுங்கி வீணாப்போக வேணாம்னுதான்."

அவன் தலையாட்டினான். மூலையில் கிடந்த தார்ப்பாயை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினான். இரண்டு பேருமாக விரித்து மெஷினை மூடினோம். கயிற்றை நான் சுற்றினேன். முடிச்சு என் விரலுக்கு விழவில்லை. அவன் வாங்கிப் போட்டான். உள்ளே மனைவி சட்டி தேய்க்கிற சத்தம், எமரி பெல்ட்டால் தேய்க்கிற கரகரப்பு, நின்று நின்று கேட்டது. மஃரிப் பாங்கு சொன்னார்கள். ஒளு செய்யப் போனோம்.